அம்மாவைப் பார்த்துக்கொண்ட கைகள்

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் படிக்கும்போது உதவும். அம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய். இரண்டரை வருடம் சிகிச்சை. அவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. மாத்திரை, ஸ்கேன், ரிப்போர்ட் என்று ஓடிக்கொண்டே இருந்த உங்களுக்கு இப்போது சாயங்காலம் ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை. "பட்டதெல்லாம் வீணாகப் போகக் கூடாது, இதே நிலையில் இருக்கிற நாலு குடும்பத்துக்காவது உதவ வேண்டும் என்று தோன்றுகிறது. எனக்கு அந்தத் தகுதி இருக்கிறதா, எங்கே தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஒரு வரி: "அம்மாவைப் பார்த்துக்கொண்ட கைகள் இப்போது சும்மா இருக்கின்றன."

அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. என் அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய், கண்டுபிடித்ததிலிருந்து 11 மாதம் இருந்தார். அவர் போய் 14 வருடம் ஆகிறது. அதில் 12 வருடமாக வாரத்துக்கு ஒரு நாள், கீமோ போட்டுக்கொள்ள வருகிறவர்களோடு இருக்கிறேன். நான் மருத்துவரும் இல்லை, நர்ஸும் இல்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற ஆள்.

தகுதி இருக்கிறதா என்றால், இருக்கிறது. நீங்கள் படித்த படிப்புக்குச் சான்றிதழ் தரமாட்டார்கள், அவ்வளவுதான். கீமோ போட்ட பிறகு பெரும்பாலும் 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள் வெள்ளையணு கவுண்ட் அடிமட்டத்துக்கு இறங்கும், அந்த நாட்களில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் வீட்டில் மாத்திரை போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். இது உங்களுக்குத் தெரியும். மருத்துவமனையிலும் எல்லோருக்கும் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் முதல் நாள் அதைக் கேட்கிறவர் காதில் "கேன்சர்" என்ற சொல் ஒன்றுதான் ஒலித்துக்கொண்டிருக்கும், மிச்சமெல்லாம் ஏறாது. அடுத்த வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பு சுடும்போதுதான் "அன்றைக்கு ஏதோ சொன்னார்களே" என்று ஃபைலைப் புரட்டுவார்கள். தெர்மாமீட்டர் தலைமாட்டிலேயே இருக்க வேண்டும், ஃபைலும் ஒரு மாற்றுத்துணியும் போட்ட பை கதவுக்குப் பின்னால் தயாராகத் தொங்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு தடவை அப்படி அல்லாடியவருக்குத்தான் தோன்றும்.

2022-ஆம் ஆண்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை போட்ட கணக்கில், உலகம் முழுக்கப் புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 2 கோடி பேர். வாழ்நாளில் ஐந்தில் ஒருவருக்கு வரலாம் என்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஃபைலைப் புரட்டுகிற வீடுகளுக்குப் பஞ்சமே இல்லை. உங்களுக்கு வேலை நிச்சயம் உண்டு.

அப்புறம் ஏன் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லப்போகிறேன் என்றால், நான் அடித்த கூத்து அப்படி.

அப்பா இறந்து நாலாவது மாதம். தெரிந்தவர் ஒருவரின் அக்காவுக்கு அதே வயிற்றுப் புற்றுநோய், அடுத்த வாரம் முதல் கீமோ. "நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசினா அவளுக்குத் தைரியமா இருக்கும்" என்றார். போனேன். அந்த அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு துண்டை நாலாக மடித்து வைத்திருந்தார். உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டேன். அப்பாவுக்கு முதல் தடவை எப்படி இருந்தது, வாந்திக்கு மாத்திரை மாற்றியதும் எப்படி நின்றது, கரண்டி வாயில் பட்டாலே இரும்பு வாடை அடிக்கிறது என்று பிளாஸ்டிக் கரண்டிக்கு மாறியது, மூன்றாவது கீமோ சுற்று முடிந்து எடுத்த ஸ்கேனில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்ததைப் பார்த்து வீடே துள்ளியது. அவர் ஆவலாகக் கேட்டார். முகம் தெளிந்துகொண்டே வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கும் உற்சாகம். இருபது நிமிடம் போயிருக்கும். அப்போது கேட்டார்:

"கேக்கவே தெம்பா இருக்கு. அப்பா இப்ப எப்படி இருக்காரு?"

எனக்கு வாய் திறக்கவில்லை. அவர் மடியில் இருந்த துண்டைப் பிரித்தார், மறுபடி நாலாக மடித்தார். நான் சொல்லாமலே புரிந்துவிட்டது. அதற்கப்புறம் நடந்ததுதான் இன்னும் மோசம். அடுத்த பத்து நிமிடம் அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். அடுத்த வாரம் முதல் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர், தன் பயத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அந்த வீட்டுப் படி இறங்கும்போது உறைத்தது. நான் அவருக்காகப் போகவே இல்லை. அப்பா கதையைக் கேட்டுக் கேட்டு என் வீட்டில் எல்லோரும் ஓய்ந்துபோயிருந்தார்கள். புதிதாக ஒரு காது கிடைத்தது, போய்க் கொட்டிவிட்டு வந்தேன்.

இப்போது புதிதாக வருகிற தன்னார்வலர்களிடம் நான் சொல்வது இது ஒன்றுதான், மற்றதெல்லாம் அவர்களே கற்றுக்கொள்வார்கள். அம்மா கதையைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிடுங்கள். தெர்மாமீட்டர் தலைமாட்டில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் உள்ளே எடுத்துப் போங்கள்.

சூசன் சில்க் என்ற உளவியலாளருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது, பார்க்க வந்தவர்களில் சிலர் தங்கள் கஷ்டத்தை அவர் மேலேயே இறக்கிவைத்தார்கள். அதிலிருந்து அவருக்கு ஒரு படம் தோன்றியது. நண்பர் பாரி கோல்ட்மனோடு சேர்ந்து 2013-ல் அதைப் பத்திரிகையில் எழுதினார். நடுவில் ஒரு வட்டம், அதில் நோயாளி. அதைச் சுற்றி அடுத்த வட்டம், அதில் கணவனோ மனைவியோ பிள்ளையோ. அதற்கு வெளியே நண்பர்கள், அதற்கும் வெளியே தெரிந்தவர்கள். உங்களை விட உள்வட்டத்தில் இருப்பவரிடம் ஆறுதல் மட்டும்தான் போக வேண்டும். புலம்ப வேண்டுமென்றால் வெளிவட்டத்தைப் பார்த்துத் திரும்ப வேண்டும். நான் அன்றைக்கு நேர் மையத்தில் போய்ப் புலம்பியிருக்கிறேன். அப்போது இந்தப் படம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நாலாவது மாதத்தில் எனக்கு அடக்கிக்கொள்ள வந்திருக்காது.

ஹாஸ்பிஸ்களும் (கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்கிற இல்லங்கள்) நோயாளி ஆதரவுக் குழுக்களும் பல இடங்களில், நெருங்கியவரை இழந்து ஒரு வருடமாவது ஆகட்டும் என்று கேட்கிறார்கள். சிலருக்கு இது அவமதிப்பு மாதிரிப் படுகிறது, "என் வேதனை எனக்குத் தெரியாதா" என்று. என் கணக்கில் ஒரு வருடம்கூடக் கொஞ்சம்தான், நான் மறுபடி போக இரண்டு வருடம் ஆயிற்று. ஆனால் நாள்காட்டியை விட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது, அதை யாரும் வெளியே சொல்வதில்லை. பக்கத்துப் படுக்கைக்காரரின் மகள் ஓடி வந்து "அம்மா ஸ்கேன் கிளியரா வந்துடுச்சு!" என்று உங்கள் கையைப் பிடிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் உங்களுக்குள் என்ன நடக்கும்? சிரிப்பீர்கள், சரி. அடியில் "எங்க அம்மாவுக்கு மட்டும் ஏன் வரல" என்று ஒரு குத்து விழுமே, அது ஒரு நொடியில் போய்விடுமா, அல்லது ராத்திரி வரை கூடவே வருமா? விழுவதில் தப்பில்லை, எனக்கு இன்றைக்கும் எப்போதாவது விழுகிறது. ராத்திரி வரை வந்தால், இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும் என்று அர்த்தம்.

பிழைத்தவர் வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இதே சோதனை தலைகீழாக வரும். அவர்களுக்கு யாராவது இறந்துவிட்டால் குற்றவுணர்ச்சி, "நம்ம வீட்ல மட்டும் எப்படித் தப்பிச்சாங்க" என்று. அதோடு "எங்க அப்பாவே எழுந்து நடக்கிறார், நீங்களும் நடப்பீங்க" என்று வாக்குக் கொடுத்துவிடுகிற ஆபத்தும் உண்டு.

அவசரம் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வேதனை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்து நின்றது 1954-ல், இழப்புக்குப் பல ஆண்டுகள் கழித்து. சிசிலி சாண்டர்ஸ் லண்டனில் மருத்துவமனைச் சமூகப் பணியாளராக இருந்தபோது, அவர் பழகிவந்த டேவிட் டாஸ்மா என்ற போலந்து அகதி புற்றுநோயில் இறந்தார். அது 1948. சாகும் தறுவாயில் இருப்பவர்கள் நிம்மதியாக இருக்க ஓர் இடம் வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டதுண்டு. டாஸ்மா தன்னிடம் இருந்த 500 பவுண்டை, அந்த இல்லத்தில் தான் ஒரு ஜன்னலாக இருப்பதாகச் சொல்லி விட்டுச் சென்றார். சாண்டர்ஸ் அதற்கப்புறம் மருத்துவமே படித்து டாக்டரானார். செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் திறந்தது 1967-ல். ஜன்னல் கிடைத்து 19 வருடம் கழித்துத்தான் அதற்குச் சுவர் வந்தது.

இதைச் சொன்னதும் "நானும் அம்மா பெயரில் ஒரு அறக்கட்டளை" என்று தோன்றினால், தயவுசெய்து இப்போதைக்கு வேண்டாம். இழப்புக்குப் பிறகு முதல் வருடத்தில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இந்த எண்ணம் வருகிறது. பதிவு, கணக்கு, தணிக்கை, ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்லும் உறவினர்கள் என்று அதிலேயே இரண்டு வருடம் போய்விடும். ஒரு நோயாளியின் பக்கத்தில்கூட உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். ஏற்கெனவே நடக்கிற ஒன்றில் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருந்தால் அவரைப் பார்ப்பதுதான் சரியான முதல் படி. எந்தக் குழு ஒழுங்காக நடக்கிறது, எது புகைப்படம் எடுத்துக்கொள்ள மட்டும் வருகிறது என்பது அவருக்குத் தெரியும்.

நோய்ப்பட்டவர் இன்னொரு நோய்ப்பட்டவரைப் பார்க்கப் போவது என்பது 1950-களில் மருத்துவர்களுக்கே பிடிக்காத சங்கதியாக இருந்தது. டெரீஸ் லாசர் என்ற அமெரிக்கப் பெண்ணுக்கு 1952-ல் மார்பகத்தை அகற்றினார்கள். அதற்குப் பிறகு கையை எப்படித் தூக்குவது, என்ன உடை போடுவது என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. எனவே அவரே அறுவைசிகிச்சை முடிந்த பெண்களைத் தேடிப் போக ஆரம்பித்தார். எதிர்ப்பு வந்தது, விடவில்லை. பின்னால் 1969-ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அந்த முயற்சியைத் தன் திட்டமாகவே எடுத்துக்கொண்டது. அவர் கையோடு கொண்டுபோனவற்றில் தோள்பட்டைப் பயிற்சிக்கு ஒரு பந்தும் கயிறும் இருந்தன. எனக்கு அந்தப் பந்தை ரொம்பப் பிடிக்கும். இரண்டு பேரும் சேர்ந்து செய்ய ஒரு வேலை இருந்தால் பேச்சு தானாக வரும்.

சரி, பக்கத்தில் உட்கார்ந்தால் என்னதான் செய்வது? நிறையப் பேர் இதை நினைத்துப் பயப்படுகிறார்கள். நான் செய்வதைச் சொல்கிறேன்.

உள்ளே போகும் முன் கூட இருப்பவரிடம் மெதுவாக, "அவங்களுக்கு என்னன்னு தெரியுமா?" என்று கேட்டுக்கொள்வேன். சில குடும்பங்கள் நோயாளியிடம் இன்னும் சொல்லியிருக்க மாட்டார்கள். நாம் போய் உடைத்துவிடக் கூடாது. அப்புறம், உட்கார்ந்தால்தான் பேச்சு. நின்றுகொண்டே பேசினால் எப்போது கிளம்புவார் என்றுதான் அவருக்குத் தோன்றும். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகமாட்டேன், கீமோ நாட்களில் நல்ல வாசனைகூடக் குமட்டும். சளி, இருமல் இருந்தால் அன்றைக்குப் போவதே இல்லை. "எப்படி இருக்கீங்க?" என்ற கேள்வியை விட்டுவிட்டேன், அதற்கு "நல்லா இருக்கேன்" என்ற ஒரே பதில்தான் வரும். "நேத்து ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்டால் உண்மை வரும். சில பேருக்குப் பேசப் பிடிக்காது. அப்போது ஏதாவது படித்துக்கொண்டு சும்மா பக்கத்தில் இருப்பேன். ஊசி ஏறி முடிய நாலைந்து மணி நேரம் ஆகிற இடத்தில் அதுவே பெரிய உதவி. கூட வந்தவர் அந்த நேரத்தில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வரலாம், வெளியே நின்று ஒரு போன் பேசலாம், அழவும் அழலாம்.

உண்மையில் என் வேலையில் பாதி அந்தக் கூட வந்தவரோடுதான். நோயாளியைப் பற்றிக் கேட்க ஆயிரம் பேர். அவரை யாரும் கேட்பதில்லை. நீங்களே யோசியுங்கள், அந்த இரண்டரை வருடத்தில் "நீ எப்படி இருக்க?" என்று உங்களை எத்தனை பேர் கேட்டார்கள்?

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொல்வேன். இதுதான் நான் கொண்டுபோகிற பந்து. ஒரு பக்கத்தில் மருந்தின் பெயர், போட்ட நேரம், காய்ச்சல், எத்தனை முறை வாந்தி. எதிர்ப்பக்கத்தில் அடுத்த முறை டாக்டரிடம் கேட்க வேண்டியவை. டாக்டர் அறைக்குள் போனதும் எல்லாக் கேள்வியும் மறந்துவிடும், வெளியே வந்து கதவு மூடியதும் ஞாபகம் வரும். அப்பாவுக்காக நான் வைத்திருந்த நோட்டில் கடைசியாக எழுதிய கேள்வி "வைட்டமின் மாத்திரை தொடரலாமா?" அதைக் கேட்க நேரம் வாய்க்கவில்லை.

செய்யக் கூடாதது ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மருந்து பற்றி வாயைத் திறக்காதீர்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் நோயும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். மார்பகப் புற்றுநோய் என்ற ஒரே பெயருக்குள்ளேயே, ஹார்மோனுக்குக் கட்டுப்படுவது, ஹெர்-2 என்ற புரதம் மிகுந்திருப்பது, இரண்டும் இல்லாதது என்று வகைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. "எங்க அம்மாவுக்கு இந்த ஊசி போட்டாங்களே, உங்களுக்கு ஏன் போடல?" என்று நீங்கள் சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போவீர்கள். அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் யாரும் தூங்கமாட்டார்கள். போனில் வருகிற அதிசய வைத்தியச் செய்திகளை எடுத்துக்கொண்டு போவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

"தைரியமா இருங்க, நல்லதே நினைங்க" என்பதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். நல்லதையே நினைத்தும் நோய் முற்றிவிட்டால், சரியாக நினைக்கவில்லையோ என்று அந்தப் பழியும் அவர் தலையில் விழுகிறது. ஒருவர் என்னிடம் சொன்னார்: "எல்லாரும் என்னைப் போராளிங்கறாங்க. நான் படுத்துட்டு இருக்கேன், மருந்து ஏறுது. இதுல என்னத்த போராடறது?"

வார்டு வாசனையே உங்களுக்கு ஆகாது என்றால் அதுவும் சரிதான். அந்தக் கிருமிநாசினி வாடை மூக்கில் பட்டதும் கால் நடுங்குகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் செய்ய எவ்வளவோ இருக்கிறது. காப்பீட்டுப் படிவங்களோடு மல்லுக்கட்டுவது, நோயாளியின் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது, ரேடியேஷன் நாட்களில் வண்டி ஓட்டுவது. ரேடியேஷன் பலருக்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம் பல வாரம் போகும். முதல் வாரம் கூட்டிப்போக எல்லோரும் வருவார்கள், நாலாவது வாரம் ஒருவரும் இருக்கமாட்டார்கள். நீங்கள் நாலாவது வாரத்துக்குப் பெயர் கொடுங்கள். பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) தானமும் அப்படித்தான். எடுத்த பிளேட்லெட்டை 5 முதல் 7 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, ஆகவே சேமித்துக் குவித்துவைக்க வழியில்லை. ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடக்கிற இடங்களில் அது தீர்ந்துகொண்டே இருக்கும். உங்கள் உடல்நிலை அனுமதித்தால், துக்கம் ஆறும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடிய ஒரே வேலை இது. யாரிடமும் பேச வேண்டாம், கையை நீட்டினால் போதும்.

ஷெர்லி நோலன் என்ற தாயின் மகன் ஆண்டனிக்கு அரிதான ரத்த நோய் (புற்றுநோய் இல்லை). எலும்பு மஜ்ஜை பொருந்துகிற ஒருவரைத் தேடி 1974-ல் லண்டனில் அவர் கொடையாளர் பதிவேடு ஒன்றைத் தொடங்கினார். 1979-ல் மகன் இறந்துவிட்டான், பொருந்துகிற ஒருவர் கடைசிவரை கிடைக்கவில்லை. பதிவேட்டை அவர் மூடவில்லை. லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் வந்த யார் யாருக்கோ அது இன்றும் ஆள் தேடிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. மகன் இறந்த அடுத்த வாரம் அந்த அம்மாள் எந்த மனதோடு அந்தப் பெயர்ப்பட்டியலைத் திறந்திருப்பார் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

நீங்கள் நேரடியாகக் கேட்காத ஒன்றுக்கும் வருகிறேன். வாழ்க்கைக்கு ஓர் அர்த்தம் கிடைக்குமா என்பதுதானே அடியில் இருக்கிற கேள்வி? ஃபிராங்க் ரீஸ்மன் என்ற சமூக உளவியலாளர் 1965-லேயே எழுதிவிட்டார், ஒத்த கஷ்டம் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் உதவும்போது, உதவி பெறுகிறவரை விட உதவுகிறவருக்கே பல நேரம் கூடுதல் பலன் கிடைக்கிறது என்று. என் அனுபவமும் அதுதான். ஆனால் அதைத் தேடிப் போனால் கிடைப்பதில்லை. "இன்றைக்கு எனக்கு மனநிறைவு வருமா" என்று பார்த்துக்கொண்டே போகிறவர்கள் மூன்றாவது மாதம் நின்றுவிடுகிறார்கள், ஏனென்றால் பாதி நாள் அங்கே ஒன்றுமே நடக்காது. நோயாளி தூங்கிக்கொண்டிருப்பார், கூட வந்தவர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார், நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வருவீர்கள். அடுத்த வாரமும் அதே கிழமை போவீர்கள். எனக்கு ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள், அந்தக் கிழமை வந்தால் காலையில் அலாரம் அடிக்கும் முன்பே எழுந்திருக்கிறேன் என்பதைக் கவனித்தேன். பெரிதாக வேறெதுவும் நடக்கவில்லை.

துயரத்துக்குப் பிறகு வரும் வளர்ச்சி என்று ரிச்சர்ட் டெடெஸ்கியும் லாரன்ஸ் கால்ஹூனும் 1990-களிலிருந்து எழுதிவருகிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு "கேன்சர் எங்களுக்கு ஒரு பாடம், ஒரு வரம்" என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்குக் கோபம் வரும். அந்த ஆய்வாளர்களே சொல்வது, வளர்ச்சி வருவது அடிபட்டதிலிருந்து அல்ல, அதற்கப்புறம் மனிதர் படுகிற பாட்டிலிருந்து என்றுதான். வளர்ச்சி வந்தவருக்கு வலி போய்விடும் என்றும் அவர்கள் சொல்லவில்லை, இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கும். அப்பா பட்ட 11 மாதத்துக்கு இந்த 12 வருடம் ஈடு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அப்பாவை யாராவது திருப்பித் தருவதாக இருந்தால், இந்த நாற்காலியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவிடுவேன்.

வீட்டை மறக்காதீர்கள். உங்களுக்கு ஒரு தம்பி இருப்பதாகவும், அம்மா பேச்சை எடுத்தாலே அவர் எழுந்து போய்விடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கீமோ வார்டுக்குப் போகப்போகிறேன் என்றால் அவருக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். அவர் துக்கப்படுகிற விதம் அது, விட்டுவிடுங்கள். ஆனால் ஊரார் வீட்டு நோயாளிகளுக்குத் தூக்கம் எப்படி என்று விசாரிக்கிற நாம், சொந்தத் தம்பி சாப்பிட்டானா என்று கேட்கிறோமா என்பதை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு வருடம் நான் இதில் தோற்றேன். என் மனைவி ஒருநாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், "எனக்கும் கேன்சர் வந்தா எங்கிட்டயும் உக்காந்து பேசுவீங்க இல்ல?" அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள்தான், அதற்கு மேல் யார் கூப்பிட்டாலும் போவதில்லை.

நீங்கள் பழகிய ஒருவர் இறந்துபோவார். இது நடந்தே தீரும். முதல் தடவை, அம்மா மறுபடி இறந்த மாதிரி இருக்கும். அந்த வாரம் தனியாக இருக்காதீர்கள். இதற்காகவே ஒழுங்கான குழுக்களில் தன்னார்வலர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவார்கள். அப்படி ஒரு கூட்டம் இல்லாத குழுவில் சேராதீர்கள். தூக்கம் கெட்டு, ராத்திரி எழுந்து நோயாளியிடமிருந்து போனில் செய்தி வந்ததா என்று பார்க்க ஆரம்பித்தால், கொஞ்ச நாள் விலகியிருந்து, தேவைப்பட்டால் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். நான் இரண்டு முறை விலகியிருக்கிறேன்.

"அப்பா இப்ப எப்படி இருக்காரு?" என்ற கேள்வி இன்னும் வருகிறது. எவ்வளவு கவனமாக இருந்தாலும் "உங்களுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?" என்று கேட்டுவிடுவார்கள், அடுத்தது அதுதான். இப்போது நான் சொல்வது: "அவர் தவறிட்டாரு. அவருக்கு வந்தது வேற, உங்களுக்கு வந்திருக்கிறது வேற. உங்களைப் பத்திச் சொல்லுங்க." பொய் சொல்வதில்லை, நீட்டுவதும் இல்லை. கண்ணைப் பார்த்துச் சொன்னால் தாங்கிக்கொள்கிறார்கள். உங்களுக்கும் இப்படி ஒரு பதில் தேவைப்படும். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள், குரல் உடையாமல் வருகிறதா என்று.

எட்டு மாதம் என்றீர்கள். ஒரு வருடமாக இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அதற்குள் அம்மாவுடைய ஃபைல்களை ஒருமுறை எடுத்து, அந்த இரண்டரை வருடத்தில் யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுவதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு பக்கம் வரலாம், இருபதும் வரலாம். அழுகை வந்தால் மூடிவைத்துவிட்டு அடுத்த வாரம் எழுதுங்கள். பிளேட்லெட் கொடுக்க முடியுமா என்று ரத்த வங்கியில் கேட்டுப் பாருங்கள். பிறகு ஒரு நாள் சமூகப் பணியாளரைப் போய்ப் பாருங்கள்.

முதல் நாள் போகும்போது இரண்டு பேனா எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காத்திருக்கும் கூடத்தில் எப்போதும் யாராவது ஒரு படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேனா தேடிக்கொண்டிருப்பார்கள். ஒன்று திரும்பி வராது.